புரோட்டீன் பார்: சிடிசி எவ்வளவு, டேக் ஹோம் எவ்வளவு?



போன மாசம் சூளகிரி பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில வேலை பார்க்குற தங்கச்சி ஒருத்தங்க எங்க ஆபீஸுக்கு வந்தாங்க. எங்க ஸ்டாஃப் ஒருத்தரோட ஹாஸ்டல் ரூம்மேட். வயசு 23. கைக்கு வர்ற சம்பளம் 16,800 ரூபாய். பிஎஃப் பணத்தை எடுக்க முடியுமான்னு கேட்டாங்க. எதுக்குன்னு விசாரிச்சா, அம்மாவோட செயினை வச்சு வாங்கின 40,000 ரூபாய் நகைக்கடனுக்கு வருஷம் முடியுது. வட்டி 4,200 ரூபாய் கட்டினாத்தான் திருப்பி வைக்க முடியும். அந்தப் பணம் கையில இல்ல.

பிஎஃப்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட் கொண்டு வாங்கன்னு சொன்னேன். எடுத்துட்டு வந்தாங்க. வீட்டுக்கு அனுப்புற பணம், ஹாஸ்டல் ஃபீஸ், ரீசார்ஜ் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. நடுவுல ஒரே கடைக்கு 160, 160, 80, 160ன்னு யுபிஐ என்ட்ரி. மெடிக்கல் ஷாப். "மருந்தாம்மா?"ன்னு கேட்டேன். "இல்ல சார், புரோட்டீன் பார். ஒரு ஷிஃப்டுக்கு ரெண்டு."

மாசம் 26 ஷிஃப்ட். ஒரு பார் 80 ரூபாய். கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தேன்: 4,160.

ஒரு வருஷ நகைக்கடன் வட்டியும், ஒரு மாச பார் செலவும் கிட்டத்தட்ட ஒரே தொகை.

உண்மையைச் சொல்லிடறேன், அந்த நிமிஷம் எனக்கு ஒரு லெக்சர் ரெடியா இருந்துச்சு. நம்ம சேனல்ல பார்த்திருப்பீங்களே, "இந்த நாலாயிரத்தை எஸ்ஐபில போட்டா"ன்னு ஆரம்பிக்கிற லெக்சர். ஆனா அவங்க சொன்னதைக் கேட்டதும் முழுங்கிட்டேன். "சார், நான் முட்டை கூட சாப்பிட மாட்டேன். நைட் ஷிஃப்ட்ல கேண்டீன் சோறு இறங்க மாட்டேங்குது. ஹாஸ்டல்ல ஸ்டவ் வைக்கக் கூடாது. ஷிஃப்ட் முடியறப்போ தலை சுத்துது. ஜிம்முக்குப் போறவங்க மாதிரி பாடி ஏத்தறதுக்கு இல்ல சார், நிக்கிறதுக்குத்தான் சாப்பிடறேன்."

இது வெட்டிச் செலவு இல்ல. ஒரு தேவைக்காக வாங்குறாங்க. அப்போ கேட்க வேண்டிய கேள்வி, "வாங்கலாமா வேண்டாமா" இல்ல. 80 ரூபாய்க்கு உள்ள என்ன வருது, அது அந்தத் தேவைக்கு ஆகுமா. பையில இருந்து ஒரு ரேப்பரை எடுத்துக் கொடுத்தாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து அதை ஆடிட் பண்ணோம். பிராண்ட் பேரு வேண்டாம். கடையில இருக்குற பல பார்கள் கிட்டத்தட்ட இதே ரகம்தான். ஓசூர் சிப்காட்டோ, கிருஷ்ணகிரியோ, அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கு தினமும் போயிட்டு வர்ற ஆளோ, நீங்களும் உங்க ரேப்பரை எடுத்து வச்சுக்கிட்டு படிங்க.

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் பேலன்ஸ் ஷீட்

முன்பக்கத்துல மூணு விஷயம் பெருசா இருந்துச்சு: "ஹை புரோட்டீன்", "100 சதவீதம் பிளான்ட் பேஸ்டு", "நோ ஆடட் சுகர்".

பின்பக்கம்: எடை 50 கிராம். புரோட்டீன் 10 கிராம். கார்போஹைட்ரேட் 22 கிராம், அதுல சர்க்கரை 12 கிராம். கொழுப்பு 9 கிராம். கலோரி 210.

முதல்ல "ஹை புரோட்டீன்". இந்த வார்த்தையை யாரும் இஷ்டத்துக்கு அடிக்க முடியாது. எஃப்எஸ்எஸ்ஏஐயோட 2018 விளம்பர விதிமுறைகள்ல இதுக்கு அளவு இருக்கு. திடப் பொருள்னா, 100 கிராம்ல ஒரு நாள் தேவையில 20 சதவீதம் புரோட்டீன் இருந்தா "ஹை" போடலாம். 10 சதவீதம் இருந்தா "சோர்ஸ் ஆஃப் புரோட்டீன்" போடலாம். ஐசிஎம்ஆர் 2020ல கொடுத்த கணக்குப்படி 65 கிலோ ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு சுமார் 46 கிராம். 54ல 20 சதவீதம்னா 10.8 கிராம். அவ்வளவுதான் கோடு.

அந்தக் கோட்டை யாரெல்லாம் தாண்டுறாங்கன்னு பாருங்க. வேர்க்கடலையில 100 கிராமுக்கு சுமார் 25 கிராம் புரோட்டீன். பொட்டுக்கடலை, கொள்ளு ரெண்டும் 22 பக்கம். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு கிடைச்சுது, ஞாபகம் இருக்கா? ஒரு கடலை மிட்டாய்ல அறுபது பங்கு கடலை, நாற்பது பங்கு வெல்லம்னு வச்சா 15 கிராம் வந்துடும். அதுவும் இந்த அளவுகோல்படி "ஹை புரோட்டீன்"தான். நம்ம ஊர் ராகியில 7 கிராம் இருக்கு, ராகி மாவே "சோர்ஸ் ஆஃப் புரோட்டீன்" ஆகிடும்! அதனால இந்த வார்த்தையைப் பார்த்து மயங்க வேண்டாம். பொய் இல்ல, ஆனா பாஸ் மார்க்கு கம்மி.

ஐரோப்பிய யூனியன்ல வேற மாதிரி அளக்குறாங்க. மொத்த கலோரியில புரோட்டீன்ல இருந்து வர்றது 20 சதவீதமாவது இருந்தாத்தான் "ஹை புரோட்டீன்". எனக்கு இந்த முறை ரொம்பப் பிடிக்கும், ஏன்னா கடையில நின்னுக்கிட்டே மனசுலயே போடலாம். ஒரு கிராம் புரோட்டீன் 4 கலோரி. நம்ம பார்ல 10 கிராம், அப்போ 40 கலோரி. 210ல 40னா 19 சதவீதம். இங்க "ஹை", அங்க ஃபெயில். மீதி 81 சதவீத கலோரி எங்க இருந்து வருதுன்னா, கார்போஹைட்ரேட்ல இருந்தும் கொழுப்புல இருந்தும். நியாயமா சொல்லணும்னா வேர்க்கடலையும் இந்த டெஸ்ட்ல ஃபெயில்தான், அதுல எண்ணெய் ஜாஸ்தி. பொட்டுக்கடலை பாஸ்.

அடுத்து "நோ ஆடட் சுகர்". ஆடட் சுகர் 0 கிராம், டோட்டல் சுகர் 12 கிராம். ரெண்டும் உண்மை. எப்படி? சேர்மானப் பட்டியல்ல முதல் பேரு பேரீச்சம்பழம். சட்டப்படி எது எடையில அதிகமோ அதுதான் பட்டியல்ல முதல்ல வரணும். அப்போ இந்த பார்ல மத்த எதை விடவும் பேரீச்சம்பழம்தான் ஜாஸ்தி. ரெண்டாவது வேர்க்கடலை. மூணாவது இடத்துலதான் பட்டாணி புரோட்டீன் வருது, அப்புறம் ஓட்ஸ், அரிசி புரோட்டீன், கோகோ. பேரீச்சம்பழம் நல்ல பொருள்தான், நான் குறை சொல்லல. ஆனா அதுல பாதிக்கு மேல சர்க்கரை. இந்த பாருக்குச் சரியான பேரு "பேரீச்சம்பழ கடலை உருண்டை, கொஞ்சம் பட்டாணி புரோட்டீன் சேர்த்தது". அந்தப் பேருக்கு 80 ரூபாய் யாரும் கொடுக்க மாட்டாங்க.

சில பார்ல சர்க்கரையும் இருக்காது, பேரீச்சம்பழமும் இருக்காது. மால்டிட்டால், சார்பிட்டால்னு பேரு இருக்கும். இதை பாலியால்னு சொல்லுவாங்க. குறிப்பிட்ட அளவுக்கு மேல போனா வயித்தாலே போகலாம்னு லேபிள்லயே எச்சரிக்கை போடணும். ஓசூர் பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு சாப்பிட்டு சில்க் போர்டு வரைக்கும் டிராஃபிக்ல உக்காந்திருக்குற ஆட்கள் அந்தச் சின்ன எழுத்தைப் படிச்சுடறது நல்லது.

"பிளான்ட் பேஸ்டு"ங்கிறதுக்கும் ஒரு வார்த்தை. பச்சைப் புள்ளி இருந்தா சைவம்னு மட்டும்தான் அர்த்தம், பால், வே புரோட்டீன் எல்லாம் அதுல அடக்கம். பால் கூட வேண்டாம்னு நினைக்கிறவங்க எஃப்எஸ்எஸ்ஏஐ 2022ல கொண்டு வந்த பச்சை நிற வீகன் முத்திரையைத் தேடணும், கீழ அலர்ஜி வரியில "மில்க்" இருக்கான்னும் பார்க்கணும். முன்பக்க வார்த்தைகளுக்கு ரொம்ப மதிப்பு கொடுக்காதீங்க. "ஹெல்த் டிரிங்க்"ங்கிற பேரையே எடுத்துக்கோங்க. சட்டத்துல அப்படி ஒரு வகையே கிடையாது, அந்தப் பிரிவுல இருந்து இந்தப் பானங்களை எல்லாம் எடுத்துடுங்கன்னு ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசு சொன்னது 2024 ஏப்ரல்ல. அதுவரைக்கும் எத்தனை வருஷம் நாம அதை நம்பி வாங்கினோம்!

10 கிராம்ங்கிறது சிடிசி

ஆஃபர் லெட்டர்ல சிடிசி 3 லட்சம்னு இருக்கும். மாசம் 25,000 வரும்னு கணக்கு போட்டு வண்டி புக் பண்ணுவோம். பிஎஃப், கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் போக கைக்கு வர்றது வேற. லேபிள்ல இருக்குற புரோட்டீனும் அப்படித்தான். அது சிடிசி. உடம்புக்கு எவ்வளவு டேக் ஹோம்ங்கிறது தனிக் கணக்கு.

புரோட்டீனை லேப்ல பெரும்பாலும் நேரடியா அளக்குறது இல்ல. நைட்ரஜனை அளந்து, 6.25ஆல பெருக்கி, இவ்வளவு புரோட்டீன்னு எழுதுவாங்க. இந்த ஓட்டையை வச்சுத்தான் சீனாவுல 2008ல அந்தக் கொடுமை நடந்துச்சு. தண்ணி கலந்த பாலோட புரோட்டீன் அளவை ஏத்திக் காட்ட நைட்ரஜன் நிறைஞ்ச மெலமைன்ங்கிற ரசாயனத்தைக் கலந்தாங்க. சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டாங்க, 6 குழந்தைகள் இறந்தாங்க. நம்ம நாட்டுல அந்த அளவுக்கு இல்லைன்னாலும், 2024ல டாக்டர் சிரியாக் ஆபி பிலிப்ஸ் குழு இந்தியாவுல விக்கிற 36 புரோட்டீன் பவுடர்களை லேப்ல கொடுத்துப் பார்த்தாங்க. சுமார் 70 சதவீதத்துல லேபிள் சொன்ன புரோட்டீன் அளவு சரியா இல்ல. அது பவுடர், பார் இல்ல. ஆனா பார்ல போடுறதும் அதே மாதிரி பவுடர்தானே.

சரி, லேபிள் நேர்மையாவே இருக்குன்னு வச்சுப்போம். அப்பவும் பிடித்தம் உண்டு. நம்ம உடம்பால தானா செய்ய முடியாத அமினோ அமிலங்கள் 9 இருக்கு. சாப்பாட்டுல இருந்துதான் வரணும். தானியத்துல லைசின்ங்கிறது குறைவு. பருப்பு வகையில மெத்தியோனின் குறைவு. ஒண்ணு குறைஞ்சாலும் மத்ததை உடம்பு முழுசா பயன்படுத்த முடியாது. இதையும் செரிமானத்தையும் சேர்த்து 0ல இருந்து 1 வரைக்கும் ஒரு மார்க் போடுவாங்க, பி.டி.சி.ஏ.ஏ.எஸ்.னு பேரு. பால், முட்டை, சோயாவைப் பிரிச்செடுத்த புரோட்டீன் எல்லாம் 1 பக்கம். பட்டாணி புரோட்டீன் 0.8 சொச்சம். கொண்டைக்கடலை மாதிரி பயறுகள் 0.5ல இருந்து 0.7க்குள்ள. வேர்க்கடலை 0.5 பக்கம். கோதுமை 0.4. கோதுமையில இருந்து எடுக்குற குளூட்டன் 0.25தான்.

அமெரிக்காவுல புரோட்டீனைச் சொல்லி விளம்பரம் பண்ணா, இந்த மார்க்கால பெருக்கின பிறகுதான் "தினசரி தேவையில இத்தனை சதவீதம்"னு லேபிள்ல போட முடியும். நம்ம ரேப்பர்ல அப்படி ஒரு நெட் கணக்கு இல்ல. அதனால நாமதான் சேர்மானப் பட்டியலைப் பார்த்து ஊகிக்கணும். சோயா ஐசொலேட், பட்டாணி புரோட்டீன் ரெண்டும் முதல் ரெண்டு மூணு பேருக்குள்ள இருந்தா டேக் ஹோம் நல்லா இருக்கும். பட்டாணியோட அரிசி புரோட்டீன் சேர்த்திருந்தா இன்னும் நல்லது, ஒண்ணோட குறையை இன்னொண்ணு சரி பண்ணும். வெறும் வேர்க்கடலை, ஓட்ஸ், கோதுமை குளூட்டனை வச்சே 10 கிராம் காட்டியிருந்தா, பாதிதான் கைக்கு வரும். அந்தத் தங்கச்சியோட பார் நடுத்தரம். தாராளமா 0.8 போட்டேன். 10 கிராம் சிடிசி, 8 கிராம் டேக் ஹோம்.

ஒரு கிராம் என்ன விலை?

இப்போ நம்ம வேலைக்கு வருவோம். 80 ரூபாய்க்கு 8 கிராம். கிராம் 10 ரூபாய்.

வேர்க்கடலை கிலோ 160 ரூபாய்னு வச்சுக்கோங்க. கிலோவுக்கு 250 கிராம் புரோட்டீன், பாதி மார்க் போட்டா 125 கிராம். கிராம் 1 ரூபாய் 28 பைசா. பொட்டுக்கடலை கிலோ 140, 220 கிராம் புரோட்டீன், 0.6 போட்டா 132; கிராம் 1 ரூபாய் 6 பைசா. சோயா சங்ஸ் கிலோ 150, 520 கிராம் புரோட்டீன், 0.9 போட்டாலும் 468. கிராம் 32 பைசா. விலையெல்லாம் ரவுண்டா போட்டிருக்கேன், உங்க கடை விலையை வச்சு நீங்களே போட்டுப் பாருங்க. விலை இருபது ரூபாய் மாறினாலும் முடிவு மாறாது. சோயாவுக்கும் பாருக்கும் நடுவுல முப்பது மடங்கு இருக்கு.

இதுல இன்னொரு விஷயம். இந்த மார்க் எல்லாம் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியா எடுத்துப் போட்டது. எங்க பாஷையில ஸ்டாண்ட்அலோன் அக்கவுண்ட்ஸ். ஆனா யாரும் நாள் பூரா வேர்க்கடலை மட்டும் சாப்பிடறது இல்லையே. தானியத்துல குறையுற லைசின் பயறுல நிறைய இருக்கு, பயறுல குறையுற மெத்தியோனின் தானியத்துல இருக்கு. ஒரே தட்டுல கூட இருக்கணும்னு இல்ல, ஒரே நாள்ல சாப்பிட்டா போதும். குரூப்பையே சேர்த்து கன்சாலிடேட் பண்ணா நஷ்டம் காட்டுற கம்பெனியும் சரியாகிடுற மாதிரிதான்.

நம்ம பக்கத்துக்கு இது புதுசும் இல்ல. ராகிக் களி, கூட அவரைப் பருப்புக் குழம்போ கொள்ளுக் குழம்போ. தானியங்கள்ல ராகிக்கு மெத்தியோனின் நல்லாவே இருக்கு. கூட வர்ற பயறு லைசினைக் கொண்டு வருது. பார்டர் தாண்டினா அதுக்குப் பேரு முத்தே, சாரு, சங்கதி ஒண்ணுதான். காவேரிப்பட்டணம் பக்கத்துல பையூர்ல வேளாண் பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்க இருந்து பையூர் 1, பையூர் 2ன்னு கொள்ளு ரகங்களே வந்திருக்கு. மானாவாரி பூமியில வளர்ற இந்தக் கொள்ளும் ராகியும் சேர்ந்ததுதான் இந்த ஜில்லாவோட பிளான்ட் புரோட்டீன். கொள்ளை மட்டும் பச்சையா சாப்பிட வேண்டாம், செரிமானத்தைத் தடுக்குற சமாச்சாரம் அதுல இருக்கு; ஊறவச்சு வேகவச்சாத்தான் அடங்கும்.

"சார், ஹாஸ்டல்ல ஸ்டவ் இல்லைன்னு முதல்லயே சொன்னேனே"ன்னாங்க. சரிதான். களி, கொள்ளு, சோயா எல்லாம் அவங்க கணக்குல வராது. அதனால அவங்க ஒரு நாள் சாப்பாட்டையே எழுதச் சொன்னேன்.

எடை 50 கிலோ. கிலோவுக்கு 0.83 கிராம்ங்கிறது ஐசிஎம்ஆர் கணக்கு, அதாவது 41.5 கிராம். தானியம் அதிகமா சாப்பிடற நமக்கு தரம் கொஞ்சம் குறையும்ங்கிறதால நான் கிலோவுக்கு 1 கிராம்னே போட்டு 50ன்னு வச்சேன். எல்லா வேளையும் சாப்பிட்டா அரிசி, கோதுமையில 20, பருப்புல 9, தயிர்ல 6, டீ, பால்ல 6, ஆக 41. கேண்டீன் சாப்பாட்டை விட்டுட்டா அதுல 13 போயிடுது. 28தான் மிச்சம்.

இங்கதான் பிரச்சனை இருந்துச்சு. கேண்டீன் சாப்பாட்டை விட்டதால வந்த பள்ளத்தை 160 ரூபாய் கொடுத்து பார்ல நிரப்பிக்கிட்டு இருந்தாங்க. கேண்டீன்ங்கிறது கம்பெனி போடற பிச்சை இல்ல மக்களே. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 46-வது பிரிவே 250 பேருக்கு மேல வேலை பார்க்குற தொழிற்சாலைக்கு கேண்டீனை வச்சிருந்துச்சு. மானிய விலையில கிடைக்குற அந்தச் சாப்பாடு உங்க சம்பளத்துல ஒரு பகுதி, பே ஸ்லிப்ல வராத பகுதி. சோறு இறங்கலையா, சோத்தைக் குறைச்சுக்கோங்க. சாம்பார்ல பருப்பு, சுண்டல், தயிர் மூணையும் ரெண்டு கரண்டி கேட்டு வாங்குங்க. சைவம்னா நைட் ஷிஃப்டுக்கு சுண்டல் வேணும்னு கேண்டீன் கமிட்டிக்கு நாலு பேரா எழுதிக் கொடுங்க.

மீதிக்கு ஒரு டப்பா. பொட்டுக்கடலை 60 கிராம், வறுத்த வேர்க்கடலை 30 கிராம். புரோட்டீன் சுமார் 20 கிராம், ரெண்டு பார்ல இருக்குற அதே அளவு. கலோரியும் கிட்டத்தட்ட அதேதான். செலவு 13 ரூபாய் சொச்சம். 26 நாளைக்கு 350 ரூபாய்க்குள்ள. ஒரேயடியா 60 கிராம் பொட்டுக்கடலை வயித்தை உப்ப வைக்கும், அதனால ரெண்டு பிரேக்ல பிரிச்சு சாப்பிடணும், தண்ணி நல்லா குடிக்கணும்.

அவங்க கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மெதுவா, "பிரேக்ல எல்லாரும் பார்தான் சார் சாப்பிடுவாங்க. நான் மட்டும் பொட்டுக்கடலை டப்பாவைத் திறந்தா..."ன்னு நிறுத்திட்டாங்க.

இதுக்கு எக்செல்ல காலம் கிடையாது. முதல் வேலையில சேர்ந்தப்போ நானும் கையில காசே இல்லாம 120 ரூபாய் காபி குடிச்சவன்தான். அந்த 80 ரூபாயில ஒரு பங்கு புரோட்டீனுக்கு, ஒரு பங்கு பளபளப்பான ரேப்பருக்கு, ஒரு பங்கு நாமளும் அவங்கள்ல ஒருத்தர்னு காட்டறதுக்கு. தப்புன்னு சொல்ல மாட்டேன். எந்தப் பங்குக்கு எவ்வளவு கொடுக்குறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும்.

தலை சுத்தலுக்கு பார் மருந்தா?

என்னை உறுத்தின விஷயம் இதுதான். நான் ஆடிட்டர், டாக்டர் இல்ல. ஆனா "ஷிஃப்ட் முடிஞ்சா தலை சுத்துது"ன்னு 23 வயசுப் பொண்ணு சொன்னா, புரோட்டீன் குறைவுன்னு அவங்களா எப்படி முடிவு பண்ணாங்க? "ரீல்ஸ்ல பார்த்தேன்"ன்னாங்க.

தேசிய குடும்ப நல ஆய்வு ஐந்தாவது சுற்றுல, 15ல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள இந்தியப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டுல 53 சதவீதம். ரெண்டுல ஒருத்தருக்கு மேல. ரத்தசோகைக்கு முக்கியமான காரணங்கள்ல இரும்புச்சத்துக் குறைவு ஒண்ணு; அதுக்கு இந்த பார் மருந்து கிடையாது.

பே ஸ்லிப்பை எடுத்துப் பார்த்தேன். இஎஸ்ஐ பிடித்தம் இருந்துச்சு. மாசச் சம்பளம் 21,000 வரைக்கும் இருக்குறவங்களுக்கு இஎஸ்ஐ உண்டு. நம்ம பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். ரெண்டு வருஷமா மாசாமாசம் கட்டிக்கிட்டு இருக்காங்க, ஒரு தடவை கூட இஎஸ்ஐ டிஸ்பென்சரி பக்கம் போனதே இல்ல. கார்டு எங்க இருக்குன்னே தெரியல. இன்சூரன்ஸ் நம்பர் பே ஸ்லிப்லயே இருந்துச்சு, அதை ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

பத்து நாள் கழிச்சு எங்க ஸ்டாஃப் மூலமா தகவல் வந்துச்சு. ஹீமோகுளோபின் 9.6. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்காங்க, மாத்திரையோட டீ குடிக்காதேன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட். செலவு பஸ் சார்ஜ் மட்டும்தான்.

அப்போ பாரே வாங்கக் கூடாதா?

வாங்கலாம். நான் வாங்குறேன். செப்டம்பர் மாசம் டாக்ஸ் ஆடிட் கெடு நெருங்குறப்போ ராத்திரி ரெண்டு மணிக்கு ஆபீஸ்ல எனக்கு சுண்டல் யாரு வேகவச்சுத் தருவாங்க? டிரெயின்ல, நீண்ட பஸ் பயணத்துல, தளர்வான சாப்பாட்டை உள்ள விடாத கிளீன் ரூம் ஷிஃப்டுல, கெட்டுப்போகாம பையில கிடக்குற ஒரு பொருளுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். ஆனா கண்டிஷன் உண்டு. புரோட்டீனை 4ஆல பெருக்கி கலோரியால வகுத்தா 20 சதவீதத்துக்கு மேல வரணும். முதல் மூணு பேருக்குள்ள சோயாவோ பட்டாணி புரோட்டீனோ இருக்கணும். ஆடட் சுகரை விட்டுட்டு டோட்டல் சுகரைப் பார்க்கணும். இந்த மூணும் தேறி, கிராம் 5 ரூபாய்க்குள்ள வந்தா நான் வாங்குவேன். 5ங்கிறது என்னோட கோடு, உங்க சம்பளத்துக்கு உங்க கோட்டை நீங்க போட்டுக்கோங்க.

மொத்தமா பாக்ஸ் வாங்கினா ஒரு பார்ல 15 ரூபாய் மிச்சம்னு ஆஃபர் வரும். நான் 12 பார் பாக்ஸ் ஒண்ணு வாங்கினேன். நாலு நாள்ல காலி. மாசாமாசம் ஆட்டோ பே போட்டு வீட்டுக்கே வர்ற சப்ஸ்கிரிப்ஷன் இருந்தா, உங்க யுபிஐ ஆப்ல ஆட்டோ பே பக்கத்தை இன்னைக்கே ஒரு தடவை திறந்து பாருங்க. மறந்துபோன ரெண்டு மூணு அங்க தூங்கிக்கிட்டு இருக்கும்.

அந்தத் தங்கச்சி பிஎஃப்ல கை வைக்கல. அந்த மாசம் பார் வாங்காம விட்ட பணத்துல வட்டியைக் கட்டி நகையைத் திருப்பி வச்சுட்டாங்க. இப்பவும் வாரத்துக்கு ஒண்ணு, சனிக்கிழமை ஷிஃப்டுல, ரூம்மேட்டோட சேர்ந்து ஆளுக்குப் பாதி. டப்பாவைப் பத்தி என்ன ஆச்சுன்னு கேட்டேன். மூணாவது நாளே பக்கத்து லைன் அக்கா ரெண்டு பேர் கை நீட்டிட்டாங்களாம். இப்போ அரைக் கிலோ பொட்டுக்கடலை எடுத்துட்டுப் போறாங்களாம். அதனால மாசச் செலவு 350ல நிக்கல, 600 ஆகிடுச்சுன்னு சொல்லிச் சிரிச்சாங்க.

அடுத்த வீடியோவுல நீங்க அனுப்புற ரேப்பர்களை இதே மாதிரி எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன். எடை, புரோட்டீன், கலோரி, விலை, சேர்மானப் பட்டியல் அஞ்சும் தெரியற மாதிரி பின்பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க. முன்பக்கம் வேண்டாம்.